ஜோஸ்வின் பெயர் ஒட்டிய ட்யூப்

"மேடம், எம்புள்ளைக்கு அப்பன் யாருன்னு உங்க மிஷினுக்குத் தெரியுமாமே? அத எனக்கும் கொஞ்சம் சொல்லுங்க, நானும் தெரிஞ்சுக்கிறேன்."

போனை எடுத்ததும் வந்த முதல் பேச்சு இதுதான். வணக்கமும் இல்லை, நல்லா இருக்கீங்களாவும் இல்லை. குரலை வைத்து ஜோதிமேரி என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. தங்கச்சிமடத்துக்காரி. காது கேளாத தன் மகள் ஜாஸ்லினை எங்கள் ஆராய்ச்சிக்குக் கூட்டிக்கொண்டு வந்தவள். பிள்ளைக்குக் காதுமெஷின் மாட்டிய அன்றைக்கு நானும் கூட இருந்தேன், அப்போது என் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டாள். எதைச் சொன்னாலும் பாதிப் பேச்சு சிரிப்பாகத்தான் வரும் அவளுக்கு. அன்றைக்கு அந்தச் சிரிப்பைக் காணோம்.

"என்னம்மா ஆச்சு? வெவரமாச் சொல்லு."

"உங்க ஆபீஸ்லருந்து ஒரு சாரு போன் பண்ணாராம் மேடம். எனக்கில்ல, எங்க வீட்டுக்காரருக்கு. உங்க ரத்தமும் புள்ள ரத்தமும் பொருந்தல, புள்ளைக்கு அப்பன் நீங்க இல்ல, உங்க கூடப் பொறந்தவரா இருக்கணும், வீட்ல விசாரிச்சுப் பாருங்கன்னு சொன்னாராம். இவரு வீட்ல விசாரிக்கல. கரையில வச்சு விசாரிச்சாரு. மீனு ஏலம் நடக்குற எடத்துல, அம்புட்டுச் சனத்துக்கும் முன்னால. அவுக அண்ணன் மண்டைய ஒடச்சு, என்னைய முடியப் பிடிச்சு இழுத்து... இப்ப நானும் புள்ளையும் காரங்காட்டுல எங்கம்மா வீட்ல கெடக்கோம்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்தச் சார் யார் என்று அவள் சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

என் பேர் நாகஜோதி. முதுகுளத்தூர்ப் பக்கம், மிளகாய் போடுகிற ஊர். சென்னையில் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் புள்ளியியல் பார்க்கிறேன். "இவளுக்குக் கோவம் மூக்கு நுனியில ஒக்காந்துருக்கு" என்று எங்கள் அய்யா சொல்லுவார். சொல்லிவிட்டுப் போகட்டும். இந்தக் கதையில் எனக்குக் கோபம் வராமல் இருந்திருந்தால்தான் நான் மனுஷியா என்று யோசிக்க வேண்டும்.

எங்கள் வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அந்த ஆள் செய்த அநியாயம் புரியாது. சில வீடுகளில் தாய்க்குக் காது நன்றாகக் கேட்கும், தகப்பனுக்கும் கேட்கும், பிள்ளைக்கு மட்டும் பிறவியிலேயே கேட்காது. ஒரே ஒரு ஜீனில் கோளாறு என்றால் கண்டுபிடிப்பது அத்தனை கஷ்டம் இல்லை. நாங்கள் தேடியது வேறு ரகம். தனியாக இருக்கும்போது ஒன்றும் செய்யாத இரண்டு மாற்றங்கள், இரண்டு வேறு வேறு ஜீன்களில். ஒன்று தாயிடம் இருக்கும், ஒன்று தகப்பனிடம். இரண்டும் ஒரே உடம்பில் போய்ச் சேர்ந்தால்தான் காது அடைக்கும்.

காது கேளாத பிள்ளைகளை ஒரு பக்கமும், கேட்கிற ஊராரை இன்னொரு பக்கமும் நிறுத்தி ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். ஊருக்கு ஊர், கூட்டத்துக்குக் கூட்டம் ஜீன்களில் சின்னச் சின்ன வித்தியாசம் உண்டு. அதை நோயின் வித்தியாசம் என்று நினைத்துக் குதிப்போம். அதனால்தான் குடும்பத்துக்குள்ளேயே ஒப்பிடுகிறோம். ஒவ்வொரு ஜீனும் ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதி இருக்கிறது. தாய் பிள்ளைக்கு ஒன்றைக் கொடுக்கிறாள், மற்றதைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறாள். தகப்பனும் அப்படித்தான். அவர்கள் கொடுக்காமல் வைத்துக்கொண்டதையும் சேர்த்துக் கலைத்துப் போட்டால், இந்தத் தாய் தகப்பனுக்குப் பிறந்திருக்கக் கூடிய, ஆனால் பிறக்காத பிள்ளைகள் கணக்கில் வருவார்கள். இரண்டு ஜீன்களை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது பிறந்தது ஒன்று, பிறக்காதது பதினைந்து. பிறந்த பிள்ளைகளிடம் அந்த இரண்டு மாற்றமும் கைகோத்து வந்து, பிறக்காதவர்களிடம் அந்த அளவுக்கு வரவில்லை, இதுவே குடும்பம் குடும்பமாகத் திரும்பத் திரும்ப நடக்கிறது என்றால், இரண்டும் கூட்டுக் களவாணிகள் என்று முடிவு கட்டலாம்.

இதற்கெல்லாம் தகப்பன் சரியான தகப்பனாக இருக்க வேண்டும். ஆகவே கணக்கைத் தொடங்கும் முன் மூன்று பேரும் ஒத்துப்போகிறார்களா என்று பார்ப்பேன். ஜாஸ்லின் குடும்பத்தில் தாய் ஒத்துப்போனாள். தகப்பன் ஜோஸ்வின் பேரில் வந்த ரத்தம் ஒத்துப்போகவில்லை. பிள்ளையோடு பாதி பொதுவாக இருக்க வேண்டிய இடத்தில் கால்தான் இருந்தது. கால் என்றால் பெரியப்பன், சித்தப்பன். தாயோடு ஒட்டவில்லை, அதனால் தாய்மாமனும் இல்லை. இன்னும் சில உறவுகளுக்கும் கால் வரும், ஆனால் வயதை வைத்துப் பார்த்தால் அவை அடிபட்டுப் போகும். நான் எழுதி அனுப்பிய குறிப்பு இதுதான்: "ஜோஸ்வின் என்று பெயர் ஒட்டிய ட்யூபில் இருப்பவர் இந்தப் பிள்ளையின் தகப்பன் அல்ல. பெரும்பாலும் தகப்பனின் உடன்பிறந்தவர். ரத்தம் எடுத்த இடத்தில் ஆள் மாறியிருக்கலாம், முகாம் நடத்தியவர்களிடம் விசாரிக்கவும். குடும்பத்தாரிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது."

அனுப்பியது வசந்தகுமாருக்கு. டாக்டர் வசந்தகுமார், திட்டத்தின் பொறுப்பாளர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, என்னைப் போல் பட்டம் வாங்கிய டாக்டர். ஜோதிமேரியின் போனை வைத்துவிட்டு நேராக அவர் அறைக்குத்தான் போனேன். கதவைத் தட்டவில்லை.

"யாரக் கேட்டு சார் அந்தக் குடும்பத்துக்குப் போன் பண்ணீங்க?"

"கூல், நாகஜோதி. இன்னொரு சாம்பிள் வேணும்னு கேட்டேன். அந்த ஆள் ஏன் எதுக்குன்னு தொணதொணன்னு கேட்டான். உண்மையச் சொல்லிட்டேன். உண்மையச் சொல்றது தப்பா?"

"என்ன உண்மை?"

"நீங்க எழுதினதுதான். ஜோஸ்வின் அப்பா இல்ல, ஜோஸ்வினோட பிரதர்தான் அப்பா."

"ஜோஸ்வின் அப்பா இல்லைன்னு நான் எங்க எழுதியிருக்கேன்? ட்யூப்ல இருக்கற ஆளுன்னுதானே எழுதியிருக்கேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

ரெண்டும் ஒன்றாம்! இத்தனை வருஷம் படித்துப் பட்டம் வாங்கி, வெளிநாடெல்லாம் போய்ப் பேசிவிட்டு வந்த மனுஷனுக்கு, ஸ்டிக்கரில் இருக்கிற பெயருக்கும் உள்ளே இருக்கிற ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதோடு விட்டாரா? நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"எல்லா ஸ்டடியிலயும் நாலஞ்சு குடும்பம் இப்படி வரும் நாகஜோதி. அதுவும் கடற்கரை ஜனங்க. ஆம்பளைங்க கடலுக்குப் போயிடுவாங்க, வீட்ல..."

"சார், அடுத்த வார்த்த பேசுனீங்கன்னா இந்தத் தண்ணி பாட்டில் உங்க மூஞ்சியிலதான் இருக்கும்."

பேசவில்லை. நான் பாட்டிலைக் கையில் எடுத்திருந்தேன் என்பது எனக்கே அப்புறம்தான் தெரிந்தது.

"முகாம் என்ன கிழமை போட்டீங்க?"

கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டுச் சொன்னார். புதன்கிழமை.

"புதன்கிழமை தங்கச்சிமடத்துல ஆம்பளைகளுக்கு முகாமா? விசைப்படகு கடலுக்குப் போற நாள் சார் அது. மீன்துறையில டோக்கன் வாங்கிட்டுக் காலையிலேயே பாதி ஊரு கடல்ல இருக்கும்."

"ஆனா அப்பாக்கள் எல்லாருமே வந்தாங்களே."

"வந்தது அப்பாக்கள்தான்னு எப்படித் தெரியும்? மூஞ்சியப் பாத்தீங்களா, பேரக் கேட்டீங்களா?"

"பேர் கேட்டுத்தான் ஸ்டிக்கர் ஒட்டினோம்" என்றார். இதற்கு மேல் அந்த அறையில் நின்றால் நான் வேலையில் இருக்க மாட்டேன் என்று வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் ரயிலில் இராமநாதபுரம் வந்து, தொண்டி ரோட்டுப் பஸ்ஸில் ஏறி, காரங்காட்டு விலக்கில் இறங்கி நடந்தேன். ஜோதிமேரி அம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்து நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள். அலையாத்திக் காட்டைப் பார்க்கப் படகில் போகிறவர்களுக்குச் சூப்பு வைத்துக் கொடுக்கிற மகளிர் குழுவில் சேர்ந்திருந்தாள். முகம் வற்றிப் போயிருந்தது. காதோரம் முடி பிய்ந்த இடம் புண்ணாகிக் காய்ந்திருந்தது.

ஜாஸ்லின் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். மெஷின் மாட்டியும் அவளுக்குச் சத்தம்தான் எட்டும், சொல் எட்டாது. இரண்டு கைகளாலும் கயிறு இழுப்பது போல இழுத்துக் காட்டினாள். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள்.

"அப்பான்னா அவளுக்கு அதான் மேடம், வலை இழுக்குறது. அப்பா எங்கன்னு கேக்குறா. வாரவுக போறவுக எல்லார்ட்டயும் இதையே கேக்குறா" என்றாள் ஜோதிமேரி.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுற்றி வளைக்கத் தெம்பில்லை.

"ஜோதி, முகாம்ல ரத்தம் குடுத்தது யாரு?"

"அவுக அண்ணன் வேதமுத்து."

நண்டுக் காலை ஒடித்துக்கொண்டே சொன்னாள். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போல.

"வேதமுத்தா?"

"ஆமா. இவரு அன்னைக்குக் கடலுக்குப் போயிட்டாரு. அப்பன் வந்து ரத்தம் குடுக்கலைனா புள்ளையச் சேக்க மாட்டோம்னு சொன்னாக. அவுக அண்ணனுக்குக் கெளுத்தி முள்ளு குத்திக் கை வீங்கிக் கெடந்துச்சு, அதனால கரையில இருந்தாக. இவருதான் கடலுக்குப் போறதுக்கு முன்னால சொல்லிட்டுப் போனாரு, அண்ணே எனக்குப் பதிலா நீ போயிக் குடுத்துருன்னு. கோயில் மண்டபத்துல ஜோஸ்வின் வாங்கன்னு கூப்பிட்டாக. அவுக போயிக் கைய நீட்டுனாக."

"இத ஏம்மா நீ யாருகிட்டயும் சொல்லல?"

"யாரு மேடம் கேட்டா?"

அவள் நண்டைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு? அண்ணன் தம்பி ரத்தம் வேறயா? கவர்மெண்டு ஆஸ்பத்திரியிலயே ரெண்டு பேருக்கும் ஓ பாசிட்டிவுன்னுதான் எழுதிக் குடுத்துருக்காக. எங்க ஊர்ல யாருக்காச்சும் ரத்தம் வேணும்னா இவரு இல்லைனா அவுக போவாக, அவுக இல்லைனா இவரு போவாரு. ஒரே ரத்தந்தான். அதனாலதான் பொருந்தலன்னு சொன்னதும் எனக்கே தல சுத்திருச்சு மேடம். நா தப்புப் பண்ணல. பெறகு எப்புடிப் பொருந்தாமப் போச்சு? தூங்குறப்ப ஏதும்... கெரகமே, என்னென்னமோ நெனச்சேன். என்னையவே நா சந்தேகப்பட்டேன்."

சட்டென்று எழுந்து அந்தப் பக்கம் போய் நின்றேன். அவள் முன்னால் அழக் கூடாது என்று இருந்தது. தன் உடம்புக்கே தெரியாமல் ஏதாவது நடந்திருக்குமோ என்று ஒருத்தியை யோசிக்க வைத்திருக்கிறார்கள், ஒரு ஸ்டிக்கரை நம்பி. நாசமாய்ப் போக.

திரும்பி வந்து எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். "குரூப்புங்கிறது சட்ட சைசு மாதிரி ஜோதி. அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் ஒரே சைசு. அதுக்காக ரெண்டும் ஒரே சட்ட ஆயிருமா? நாங்க பாக்குறது சைசு இல்ல, துணி, நூலு, தையலு எல்லாத்தையும்."

அவள் நண்டு ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "இத அங்க வந்து சொல்லுவீங்களா?" என்றாள்.

"அதுக்குத்தான் வந்துருக்கேன். கெளம்பு."

பஸ்ஸில் பாம்பன் பாலத்தைத் தாண்டினோம். ஜாஸ்லின் ஜன்னலோரம் உட்கார்ந்து கடலைப் பார்த்துக் கயிறு இழுத்துக்கொண்டே வந்தாள்.

ஜோஸ்வின் வீட்டு முன்னால் வேப்பமர நிழலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். கடலுக்குப் போகாத நாள் என்பதால் அக்கம்பக்கத்து ஆண்கள் எல்லோரும் அங்கேயே இருந்தார்கள். பக்கத்து வீடு வேதமுத்துவினுடையது. அண்ணனும் தம்பியும் ஒரே படகில் வேலை பார்த்தவர்கள், இப்போது அண்ணன் வேறு படகுக்கு மாறிவிட்டானாம். வேதமுத்துவின் பெண்டாட்டியும் அவனோடு பேச்சை நிறுத்தியிருந்தாள். நெற்றியில் தையல் போட்ட தழும்போடு வாசலில் வந்து நின்றான். ஜோதிமேரி உள்ளே போகவில்லை. பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தெருவிலேயே நின்றாள்.

"ஜோஸ்வின், அன்னைக்கு முகாமுக்கு நீங்க போனீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல மேடம். அண்ணனப் போகச் சொன்னேன்."

"அப்ப அந்தச் சாரு போன் பண்ணப்ப இதச் சொல்ல வேண்டியதுதானே?"

"அவரு கேக்கலையே. கேட்டாலும் என்ன மேடம்? அண்ணன் ரத்தமே பொருந்தலைனா என் ரத்தம் மட்டும் எப்புடிப் பொருந்தும்? ரெண்டும் ஒண்ணுதானே."

அங்கேயும் அதே பேச்சு. அந்த ஏசி அறையில் கேட்ட அதே இரண்டு சொல். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"ஒண்ணுன்னா உங்க அண்ணன் மட்டும் எப்புடிய்யா அப்பன் ஆனான்? உனக்குப் பொருந்தாதது அவனுக்கு மட்டும் பொருந்திருமா? ஒங் கணக்கே இடிக்குதே! பொண்டாட்டி முடியப் பிடிச்சு இழுக்கறதுக்கு முன்னால இத ஒரு நிமிசம் யோசிச்சியா? வலையில ஒரு கண்ணி பிஞ்சா உக்காந்து மணிக்கணக்காத் தேடுற. இதுக்கு ஒரு நிமிசம் இல்லையா ஒனக்கு?"

மரியாதை போய் நீ, வா என்று வந்துவிட்டது எனக்கு. வரட்டும்.

"இப்பச் சொல்லு. ட்யூப்ல இருக்குறது யாரு ரத்தம்?"

"அண்ணன் ரத்தம்."

"மிஷினு என்ன சொல்லுது? ட்யூப்ல இருக்குற ஆளு புள்ளைக்கு அப்பன் இல்ல. அப்ப வேதமுத்து அப்பன் இல்ல. நீ எந்த மிஷின நம்பி உங்க அண்ணன் மண்டைய ஒடச்சியோ, அதே மிஷினுதான் சொல்லுது. சரியா? இன்னொண்ணும் சொல்லுது. புள்ளையோட அப்பன், ட்யூப்ல இருக்குற ஆளுகூடப் பொறந்தவன். வேதமுத்துகூடப் பொறந்த ஆம்பளைக எத்தன பேரு?"

வேதமுத்துதான் வாசலில் இருந்தபடியே சொன்னான்.

"இவன் ஒருத்தன்தான் மேடம்." பிறகு தம்பியைப் பார்த்து, "ஏலே, நீ போகச் சொல்லித்தானலே நா போனேன்" என்றான். குரல் உடைந்துபோய், துண்டை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

ஜோஸ்வின் வலையைக் கீழே வைத்தான். முகம் வெளுத்திருந்தது. புரிந்துவிட்டது அவனுக்கு, நான் கண்ணால் பார்த்தேன். அப்போதே எழுந்து நாலு எட்டு வைத்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஜோதிமேரியும் அதற்குத்தான் நின்றுகொண்டிருந்தாள். ஆனால் அவன் சுற்றி நின்ற ஆண்களின் முகங்களை ஒருமுறை பார்த்தான். கழுத்தைத் தடவிக்கொண்டான்.

"சரி மேடம். எதுக்கும் என் ரத்தத்தையும் ஒரு தடவ எடுத்துப் பாத்துருங்களேன். நாலு பேருக்குச் சொல்றதுக்காச்சும் ஆகும்ல."

ஜோதிமேரி சிரித்தாள். இத்தனை நாளும் காணாமல் போயிருந்த சிரிப்பு. கேட்கச் சகிக்கவில்லை.

"எடுங்க மேடம்" என்றாள். "தாராளமா எடுங்க. உங்க படிப்புக்கு வேணும்ல, எம்புள்ள மாதிரி புள்ளைகளுக்கு நாளைக்கு ஆகும்ல, எடுத்துக்கங்க. ஆனா வந்த பதில இவருகிட்டச் சொல்லக் கூடாது. எங்கிட்டயும் சொல்ல வேணாம், எனக்கு அது தெரியும். கையெழுத்து வாங்குறப்ப என்ன வாசிச்சுக் காட்டுனீங்க? பதில யாருக்கும் சொல்ல மாட்டோம்னுதானே? அந்தச் சாரு சொல்லி எங்குடியக் கெடுத்தாரு. நீங்க சொல்லாதீங்க. கேட்டுட்டு வர்ற ஆளு எனக்கு வேணாம். கேக்காம வரணும்."

"ஏய், என்ன பேசுற..." என்று ஜோஸ்வின் தொடங்கினான்.

"ஒங்கிட்ட நா பேசல" என்றாள்.

இப்போதெல்லாம் இதற்கு ரத்தம்கூட வேண்டாம், எச்சில் போதும். அதற்கான டப்பா என் பையில் இருந்தது. நீட்டினேன். "துப்புங்க" என்றேன். அந்தச் சொல்லை அத்தனை மனசாரச் சொன்னது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவன் துப்பினான். பெயரை நானே என் கையால் எழுதி ஒட்டினேன். நிமிர்ந்து பார்த்தபோது ஜோதிமேரி பிள்ளையை இழுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துப் பக்கம் பாதித் தூரம் போயிருந்தாள். ஜாஸ்லின் திரும்பித் திரும்பிப் பார்த்து ஒற்றைக் கையால் கயிறு இழுத்துக்கொண்டே போனாள்.

பதில் வந்தது. பாதி. தகப்பனுக்கும் பிள்ளைக்கும் இருக்க வேண்டிய, சந்தேகத்துக்கு இடமே இல்லாத பாதி. நாங்கள் தேடிய இரண்டு மாற்றங்களில், வேதமுத்துவிடம் இல்லாத ஒன்று ஜோஸ்வினிடம் இருந்தது, மற்றது ஜோதிமேரியிடம். இரண்டையும் வாங்கிக்கொண்டு பிறந்திருக்கிறாள் ஜாஸ்லின். அவளுக்குக் காது கேட்காததற்குக் காரணமே அவள் இவர்கள் இரண்டு பேருக்கும் பிறந்தவள் என்பதுதான். இவர்களைச் சேர்த்துப் போட்டதும் மற்றக் குடும்பங்களோடு இந்தக் குடும்பமும் கணக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. வசந்தகுமார் என் மேஜைக்கே வந்து, "பிரமாதம், சிக்னல் இன்னும் ஸ்ட்ராங் ஆயிடுச்சு" என்றார். அவர் மேல் நான் கொடுத்த புகாருக்கும் அதே வாரம்தான் பதில் வந்தது. 'எதிர்காலத்தில் பங்கேற்பாளர்களிடம் கவனமாகப் பேசுமாறு அறிவுறுத்தப்படுகிறார்.' அவ்வளவுதான். ஒருத்தியைக் கடற்கரையில் முடியைப் பிடித்து இழுக்க வைத்ததற்கு அறிவுரை! அடுத்த முகாமும் அவர் பொறுப்பில்தான் நடக்கிறது. பிறக்காத அந்தப் பதினைந்து பிள்ளைகளுக்குத் தகப்பன் யார் என்று எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் சந்தேகம் தீர்ந்துவிட்டது. பிறந்தது மட்டும் காரங்காட்டில் கயிறு இழுத்துக்கொண்டிருந்தது.

ஜோஸ்வின் போன் பண்ணத் தொடங்கினான்.

"மேடம், வந்துருச்சா?"

"வந்துருச்சு."

"என்ன வந்துருக்கு?"

"சொல்ல மாட்டேன்."

கெஞ்சினான். இன்னொரு நாள் கத்தினான். "எம்புள்ள மேடம், எனக்குத் தெரியணுமா வேணாமா?" என்றான். "எம்புள்ளன்னு இப்ப நீயே சொல்றியே, பெறகென்ன?" என்று கேட்டு வைத்துவிட்டேன். எனக்கும் மனசு கேட்கவில்லைதான். ஒரு சொல் சொன்னால் அவன் அன்றைக்கே வண்டி பிடித்துப் போவான். ஊர் வாய் அடங்கும், பிள்ளைக்கு அப்பன் கிடைப்பான். அந்த ஒரு சொல் என் தொண்டையிலேயே கிடந்தது. நான் யார் அதைப் பிடித்து வைத்துக்கொள்ள என்றுகூடத் தோன்றியது. சொல்லிவிடலாம் என்று முடிவே பண்ணிவிட்டேன். அதை ஜோதிமேரியிடம் கேட்டுவிட்டுச் சொல்வோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது அவளே கூப்பிட்டாள்.

"மேடம், நேத்து அவரு வந்தாரு."

"அப்பாடா, வந்துட்டாரா!" என்றேன்.

"வந்தாரு. பெரிய பாறை மீனு ஒண்ணு வாங்கிட்டு வந்தாரு. புள்ள அவரப் பாத்ததும் ஓடிப் போயிக் காலக் கட்டிக்கிருச்சு. விடவே மாட்டேங்குது. மொகத்தத் தூக்கித் தூக்கிப் பாக்குது, தூக்கிக்கச் சொல்லி."

பின்னால் யாரோ பாத்திரம் கழுவுவது கேட்டது.

"குனிஞ்சு தூக்கல மேடம். புள்ள கால்ல தொங்கிட்டுக் கெடக்கு, இவரு என்னையப் பாத்து, மேடம் ஏதும் போன் பண்ணிச் சொன்னாங்களான்னு கேட்டாரு."

"நீ என்ன பண்ணுன?" என்றேன்.

"புள்ளையப் பிரிச்சு எடுத்துட்டு வந்து கதவச் சாத்திட்டேன். மீன வாசல்லயே வச்சுட்டுப் போயிட்டாரு. பூனைதான் தின்னுச்சு." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "மறுபடியும் உங்களுக்குப் போன் பண்ணுவாரு மேடம். அழுவாரு. பாவமாத்தான் இருக்கும். இரக்கப்பட்டுச் சொல்லிப்புடாதீங்க."

"என்னதான் சொல்லட்டும் ஜோதி?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். உங்க மிஷினு சொல்லித்தான் எம்புள்ளையக் குனிஞ்சு தூக்குவாருன்னா, அந்தத் தூக்கு எம்புள்ளைக்கு வேணாம்" என்றாள்.